பளு தூக்கத் தொடங்கும் பெண்ணுக்கு இந்த ஜிம் ஏற்றதா? தில்லை நகர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் மதிப்பீடு

ஒரு ஜிம்மைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக அங்குள்ள இயந்திரங்களையும் குளிர்சாதன வசதியையும் மாதக் கட்டணத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். இரு முனைகளிலும் பிளேட் எனும் எடைத் தட்டுகளை மாட்டித் தூக்கும் நீண்ட இரும்புத் தண்டான பார்பெல்லை இதுவரை தொட்டே பார்க்காத ஒரு பெண்ணுக்கு அந்தத் தகவல்களால் பெரிய பயன் இல்லை. எனவே திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெரு ஒன்றில் தரைத்தளத்தில் இயங்கும், சில மாதங்களாக நான் பயிற்சி செய்துவரும் கூடத்தை ஒரே ஒரு கேள்வியை வைத்து மதிப்பிட விரும்புகிறேன்: புதிதாக வரும் பெண்ணின் அச்சத்தைக் குறைக்க இந்த இடம் என்ன செய்திருக்கிறது? கட்டுரை விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் கூடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எந்த ஊரில் இருப்பவரும் தம் பகுதியில் உள்ள ஜிம்மை இதே கேள்வியோடு சென்று பார்க்கலாம்.

ஜிம்முக்குப் போகத் தயங்கும் பெண்ணிடம் எல்லோரும் “தைரியமாப் போ” என்று சொல்லி அனுப்புகிறார்கள். தயக்கம் அவளுடைய மனத்தில் உள்ள குறை என்பது அதன் பொருள். நான் அப்படி எண்ணவில்லை. அந்தத் தயக்கத்தில் பெரும்பகுதி இடத்தின் அமைப்பிலிருந்தும், அங்கே எதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித்தராததிலிருந்தும் வருகிறது. இரண்டையும் நிர்வாகம் நினைத்தால் மாற்ற முடியும். இந்தக் கூடத்தில் பெரும்பாலும் மாற்றியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு.

முதலில் அமைப்பைச் சொல்கிறேன். பல ஜிம்களில் வாசலை ஒட்டி ட்ரெட்மில்களும் சைக்கிள்களும் இருக்கும். அவற்றைத் தாண்டி, ஆண்கள் கூட்டமாக நிற்கும் உள்பகுதியில்தான் பார்பெல்லைத் தாங்கி நிறுத்தும் ரேக்குகளும் பார்பெல்களும் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்துபோய், பெயர் தெரியாத ஒரு கருவியின் முன் நின்று, அதைச் சரியாகப் பிடிக்கிறோமா என்ற ஐயத்தோடு தூக்குவதைவிட ட்ரெட்மில்லிலேயே நின்றுவிடுவது எளிது என்பதால், வருடக்கணக்கில் கட்டணம் கட்டியும் ஒரு முறைகூட எடை தூக்காத பெண்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். இங்கே இரண்டு ரேக்குகளில் ஒன்று பயிற்சியாளரின் மேசைக்கு எதிரிலேயே இருக்கிறது. புதியவர்களுக்கு அதில்தான் முன்னுரிமை. டெட்லிஃப்ட் மேடை இருக்கும் இடம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. தரையில் கிடக்கும் பார்பெல்லை இடுப்பை மடக்கிக் குனிந்து எடுக்கும் பயிற்சி அது. முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடந்துகொண்டிருக்கும் வழியில் அதைச் செய்ய எந்தப் பெண்ணும் கூசுவாள். இங்கே பயிற்சி செய்பவர் பின்சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கும்படி மேடையைப் போட்டிருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் யாரும் போக இடமில்லை. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவாகியிருக்காது, ஆனால் யாரோ ஒருவர் பெண்களை மனத்தில் வைத்து யோசித்திருக்கிறார்.

சேரும் நாளில் ஒரு படிவம் தருகிறார்கள். இதய நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி, முன்பு நடந்த அறுவை சிகிச்சைகள், கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்கும் வழக்கமான படிவம்தான். வரவேற்பு மேசையில் நான்கு பேர் காதுபட அதை நிரப்பச் சொல்லாமல், பெண் பயிற்சியாளர் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்கிறார் என்பதுதான் வேறுபாடு. பிரசவம் எப்போது, சிசேரியனா, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறதா என்றும் அவர் கேட்டார். குழந்தை பெற்ற பெண்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. எடை தூக்கும்போது அடிவயிற்றில் அழுத்தம் கூடுவதால் இது வெளிப்படும். வெளியே சொல்லக் கூசி, காரணம் கூறாமலே பயிற்சியை விட்டுவிடுபவர்களும் உண்டு. “அப்படி இருந்தா மறைக்காம சொல்லுங்கக்கா, எடையைக் குறைச்சு, மூச்சு விடுற முறையை மாத்திப் பாக்கலாம், அப்பவும் நிக்கலன்னா பிசியோதெரபிஸ்ட்டைப் பாக்கணும்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது, இந்த இடத்தில் நம் உடலைப் பற்றிப் பேச முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

முதல் நான்கு வாரங்களுக்குப் புதிய பெண்களை நான்கு நான்கு பேராகச் சேர்த்துக் கற்றுத்தருகிறார்கள். மாதக் கட்டணத்திலேயே இது அடங்கும். தொடக்கத்தில் எடையே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தலையின் பின்புறம், மேல் முதுகு, வாலெலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் படும்படி முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூன்றும் விலகாமல் இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் குனியப் பழக வேண்டும். முதுகை வளைக்காமல் குனிவது என்றால் என்ன என்பது அப்போதுதான் உடலுக்குப் புரிகிறது. பிறகு 6 கிலோ டம்பெல் ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட். அதன் பிறகே பார்பெல். திருத்த வேண்டிய இடத்தைப் பயிற்சியாளர் வாயால் சொல்கிறார். போதவில்லை என்றால் ஒரு குச்சியின் நுனியால் சுட்டுகிறார். தொட வேண்டியிருந்தால் முதலில் அனுமதி கேட்கிறார். ஆண் பயிற்சியாளர்கள் பெண்களைத் தொட்டுத் திருத்துவதே இல்லை என்பது இங்கே எழுதிவைத்த விதி.

நான்கு வாரங்களிலும் எனக்கு மிகவும் உதவிய பாடம் ஒன்று உண்டு. பிற ஜிம்களில் அதைக் கற்றுத்தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எடையைத் தூக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை, உண்மையான எடை ஏற்றுவதற்கு முன்பே செய்துபார்க்க வைத்தார்கள். ஸ்குவாட்டில் கீழே போய் எழ முடியாவிட்டால், ரேக்கின் இருபுறமும் நாம் அமரும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தியிருக்கும் பாதுகாப்புக் கம்பிகளின் மேல் பார்பெல்லை இறக்கிவைத்துவிட்டு முன்பக்கமாக வெளியே வந்துவிடலாம். வெறும் பார்பெல்லோடு வேண்டுமென்றே கீழே போய், வேண்டுமென்றே எழாமல், அதைக் கம்பிகளின் மேல் வைத்துவிட்டு வெளியே வர ஒவ்வொருவரையும் பலமுறை பழக்கினார்கள். பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பார்பெல்லை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் அப்படியே. மார்பின் மேல் பார்பெல் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் அங்கே பெரிய பயம். அதற்கும் பாதுகாப்புக் கம்பிகள் உண்டு. அவை இல்லாத பெஞ்சில் துணைக்கு ஒருவர் நிற்காமல் செய்யவே கூடாது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் பிளேட்டுகள் கழலாமல் பிடிக்கும் காலரை மாட்டாமல் விட்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டுகளைச் சரியவிட்டு விடுபடலாம் என்றும் சொல்லித்தந்தார்கள். தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட்டில் பிரச்சினையே இல்லை. பிடியைத் தளர்த்தித் தரையில் வைத்துவிடலாம். முடியாமல் போவது பயிற்சியின் ஒரு பகுதி என்பதையும், அதிலிருந்து காயமில்லாமல் வெளியேற ஒழுங்கான வழி உண்டு என்பதையும் உடல் அறிந்துகொண்டபின், எடை கூடும்போது நெஞ்சு படபடப்பது வெகுவாகக் குறைந்தது. எல்லோரும் பார்க்கும்போது தூக்க முடியாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கூச்சமும் அதோடு குறைந்தது, ஏனெனில் அதைத்தான் நாங்கள் எல்லோர் முன்னிலையிலும் செய்து பழகியிருந்தோம்.

கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு ஜிம் பெண்களை உண்மையாகவே எதிர்பார்க்கிறதா என்பதை அங்கிருந்து தெரிந்துகொள்ளலாம். வழக்கமான ஒலிம்பிக் பார்பெல் வெறுமையாகவே 20 கிலோ எடையும் 28 மில்லிமீட்டர் பருமனும் உடையது. பெண்களுக்கான போட்டிப் பார்பெல் 15 கிலோ. பருமன் 25 மில்லிமீட்டர், எனவே சிறிய கையிலும் பிடி நன்றாக அமையும். 20 லிட்டர் தண்ணீர் கேனை வீட்டில் தனியாகத் தூக்கிவைக்கும் பெண்ணால்கூட 20 கிலோ பார்பெல்லைத் தலைக்கு மேல் தள்ள முதலில் முடியாமல் போகலாம். தோளும் கையும் அதற்குப் பழகியிருக்கவில்லை என்பதே காரணம். 20 கிலோ பார்பெல் மட்டுமே உள்ள ஜிம்மில் அந்தப் பெண்ணுக்குத் தொடக்கப் புள்ளியே இல்லை. அவள் தனக்குத்தான் வலுவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். இந்தக் கூடத்தில் 15 கிலோ பார்பெல்கள் இரண்டும், அதைவிட இலேசான 10 கிலோ பார்பெல் ஒன்றும் உள்ளன.

டெட்லிஃப்ட்டில் வேறொரு சிக்கல் உண்டு. பெரிய பிளேட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். அவை மாட்டியிருந்தால்தான் பார்பெல் முழங்காலுக்குக் கீழே சரியான உயரத்தில் நிற்கும். 5 கிலோ இரும்புப் பிளேட் மிகச் சிறியது; அதை மாட்டினால் பார்பெல் தரையோடு ஒட்டிக்கிடக்கும், புதியவர் முதுகை வளைத்துத்தான் அதை எட்ட வேண்டியிருக்கும். முழு விட்டம் கொண்ட இலேசான ரப்பர் பிளேட்டுகள் இங்கே ஒரு ஜோடிதான் இருக்கின்றன. அதை வேறொருவர் எடுத்துவிட்டால் மரக்கட்டைகளின் மேல் பார்பெல்லை ஏற்றிவைத்துத் தொடங்கலாம். சிறு பிளேட்டுகளில் 1.25 கிலோ வரை வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சிறியது இல்லை என்பது குறை. பார்பெல்லின் இரு பக்கமும் 1.25 கிலோ ஏற்றினால் கூடுவது 2.5 கிலோ, 15 கிலோ தூக்கிக்கொண்டிருப்பவருக்கு அது ஒரே தாவலில் ஏறத்தாழ 17 விழுக்காடு உயர்வு. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் இதைச் சமாளித்துவிடலாம், பெஞ்ச் பிரஸ்ஸிலும் தோளுக்கு மேல் தள்ளும் பயிற்சியிலும் வாரக்கணக்கில் அதே எடையில் நிற்க நேரிடுகிறது. அரை கிலோ பிளேட்டுகள் ஒரு ஜோடி வாங்கிப்போட்டால் இந்தத் தேக்கம் பெருமளவு தீரும். உரிமையாளரிடம் கேட்டிருக்கிறேன், அவரும் குறித்துக்கொண்டார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தருகிறார்கள். அன்று செய்ய வேண்டியவை, எந்த எடை, எத்தனை செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு எத்தனை முறை என்பவை அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் மூன்று செட், செட்டுக்கு ஐந்து முறை. ஸ்குவாட்டோடு ஒரு நாள் பெஞ்ச் பிரஸ், மறுமுறை டெட்லிஃப்ட் என்று எளிமையாகவே இருக்கும். அடுத்து என்ன செய்வது, எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கூடத்தின் நடுவே விழித்துக்கொண்டு நிற்கும் நிலை இதனால் முற்றிலும் இல்லாமல் போகிறது. புதிய பெண்ணைக் கூனிக்குறுக வைப்பது பெரும்பாலும் அந்த நிலைதான்.

பெண்களுக்கு மட்டும் என்று காலை 10.30 முதல் 12.30 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மதிப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. அந்த நேரத்தில் முழுக் கூடமும், ரேக்குகளும் மேடையும் உட்பட, பெண்களுக்கே கிடைக்கிறது. சேர்வதற்கு முன் நான் பார்த்துவந்த வேறு சில இடங்களில் பெண்கள் பகுதி என்பது ட்ரெட்மில்களும் 5 கிலோவைத் தாண்டாத டம்பெல்களும் கொண்ட மாடி அறையாக மட்டுமே இருந்தது. அவ்வாறு பிரித்துவைப்பது அச்சத்தைப் போக்காது, எடை தூக்குவது உனக்கு உரியதல்ல என்ற செய்தியைத்தான் உறுதிசெய்யும். ஆனால் வேலைக்குப் போகும் பெண்கள் காலை 10.30 மணிக்கு எப்படி வர முடியும்? ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள், கல்லூரி மாணவிகள் என்று இந்த ஊரில் ஜிம் தேவைப்படும் பெண்களில் பெரும் பகுதியினருக்கு அது பயன்படாத நேரம். மாலையில் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே பலரும் நான்கு வாரங்கள் முடிந்ததும் ஆண்களும் இருக்கும் மாலை நேரத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. உண்மையான சோதனை அங்கேதான், இந்தக் கூடம் அதில் நன்றாகவே தேறுகிறது. மாறும் வாரத்தில் பெண் பயிற்சியாளர் கூடவே நின்று, இடத்தின் நடைமுறைகளைச் சொல்லித்தருகிறார்: ரேக்கில் ஒருவர் இருந்தால் “எத்தனை செட் பாக்கி?” என்று கேட்கலாம், நடுவில் நாமும் செய்துகொள்ளலாமா என்று கேட்பதில் தவறில்லை, பயிற்சி செய்பவரின் கண்ணெதிரே குறுக்கே நடக்கக் கூடாது, பெஞ்சைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும், பிளேட்டுகளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். யாரும் எழுதிவைக்காத இந்த நடைமுறைகள் தெரியாததால்தான் புதியவருக்கு அந்த இடம் தனக்கு உரியதல்ல என்று தோன்றுகிறது. தெரிந்தபின் நிலைமை வேறு. தயங்கியபடி ரேக்கின் அருகே நின்ற என்னிடம் ஓர் இளைஞர், “எனக்கு இன்னும் ரெண்டு செட் இருக்குக்கா, நடுவுல நீங்க போடுங்க, பிளேட்டை நான் கழட்டித் தரேன்” என்று இயல்பாகச் சொன்னார். பெரும்பாலானவர்கள் தங்கள் செட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படி என்று சொல்லமாட்டேன். கேட்காமலே வந்து அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஜிம்மிலும் இருக்கிறார்கள், அவர்கள் பெண்களிடம்தான் அதிகம் வருகிறார்கள். இங்கே சேரும்போதே ஒவ்வொரு ஆணிடமும் இரண்டு விதிகளில் கையெழுத்து வாங்குகிறார்கள்: பிறருடைய பயிற்சியைத் திருத்துவது பயிற்சியாளரின் வேலை மட்டுமே; பிறர் உருவம் விழும்படி படமோ காணொளியோ எடுக்கக் கூடாது. ஒரு மாலை, மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு கல்லூரி மாணவியின் ஸ்குவாட்டைத் திருத்தத் தொடங்கியபோது, மாஸ்டர் என்று நாங்கள் அழைக்கும் பயிற்சியாளர் அங்கே போய், “சார், அந்தப் பொண்ணுக்கு நாங்க சொல்லிக்கிறோம்” என்று பணிவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். விதியைச் சுவரில் எழுதுவது எளிது; மூத்த வாடிக்கையாளரிடம் அதை எடுத்துச் சொல்லும் துணிவு நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்த்தேன்.

எடை தூக்கினால் ஆண்களைப் போல உடல் பருத்துவிடும் என்ற கவலை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடலில் ஆண்களுக்கு இருப்பதில் மிகச் சிறிய பங்கே இருப்பதால் அது எளிதில் நடப்பதல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் பார்பெல்லைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 87 கிலோவும், முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115 கிலோவுமாக மொத்தம் 202 கிலோ தூக்கினார். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளு தூக்கும் போட்டி முதன்முதலாக நடந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான். அதே போட்டியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இந்தக் கூடத்தின் சுவர் முழுவதும் ஆண் பாடிபில்டர்களின் படங்களே இருக்கின்றன. மல்லேஸ்வரியின் படம் ஒன்றை மாட்டுவதற்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

இளம்பெண்களைவிட மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் 8 மாதங்கள், வாரம் இரு முறை, முறைக்கு 30 நிமிடம், மேற்பார்வையோடு டெட்லிஃப்ட், ஸ்குவாட், தோளுக்கு மேல் தள்ளுதல் ஆகியவற்றைக் கனமான எடையில் செய்தார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. பெரியவர்கள் அனைவரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகிறது. என் குழுவில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். மருத்துவரின் ஒப்புதல் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டே அவருக்குப் பயிற்சி தொடங்கினார்கள். அது சரியான அணுகுமுறை.

கட்டணம் மாதம் 1,500 ரூபாய், சேர்க்கைக் கட்டணம் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், சொல்லும் தொகை வரியோடு சேர்ந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது. ஓராண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டச் சொல்லி வரவேற்பு மேசையில் வற்புறுத்துவார்கள். முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் கட்டினால் போதும் என்பது என் ஆலோசனை. புரதப் பொடி விற்பனையும் அங்கே நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம். 60 கிலோ உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 50 கிராம். பயிற்சி செய்பவருக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கலாம், ஆனால் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றைக் கணக்குப் பார்த்துச் சாப்பிட்டாலே பெருமளவு கிடைத்துவிடும். பெண் பயிற்சியாளரும் முதலில் சாப்பாட்டைத்தான் எழுதிவரச் சொன்னார்.

கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி உண்டு. உடை மாற்றும் அறை ஒன்றே ஒன்று என்பதால் மாலை 6.30 மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும். மின்விசிறிகள் மட்டுமே இருப்பதால் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரப் புழுக்கத்தில் பார்பெல் கையில் வழுக்குகிறது. ஒரு துண்டு கட்டாயம் எடுத்துப்போக வேண்டும்.

பெண் பயிற்சியாளர் ஒருவர்தான் இருக்கிறார் என்பதே இந்தக் கூடத்தின் பெரிய பலவீனம். நான் மேலே பாராட்டிய ஏற்பாடுகளில் பாதி அவரையே நம்பி நடக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அவர் வருவதில்லை. அவர் விடுப்பில் இருந்த வாரத்தில் புதிதாகச் சேர வந்த இருவரை அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவரை நியமிக்கப்போவதாக நிர்வாகம் கூறுகிறது. அதுவரை, புதிதாகச் சேர விரும்புபவர்கள் அடுத்த நான்கு வாரக் குழு எப்போது தொடங்குகிறது என்பதையும், அந்த நான்கு வாரங்களும் அவர் ஊரில் இருப்பாரா என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.